சங்கத்துப் பழைய கம்ப்யூட்டர்: மாற்றுவதா, திருத்துவதா?

சங்கத்தின் பணம் அங்கத்தினர் ஒவ்வொருவருடைய உழைப்பின் பயன். அதில் ஒரு ரூபாயைச் செலவிடுமுன்னும் அது அவசியந்தானா என்று ஆராய்வது நிர்வாகக் குழுவின் கடமையாகும். நூல் இருப்பையும் கடன் பாக்கியையும் காட்டிவரும் பழைய கம்ப்யூட்டர் தளர்ந்துவிட்டதெனில், புதியது வாங்கத் தீர்மானம் கொண்டுவருவது எளிது. ஆனால் நாடா தேய்ந்தால் நாடாவைத்தான் மாற்றுகிறோம், தறியை விற்றுவிடுவதில்லை.

குறையை அறிதல்

வழக்கமான வேலை நடக்கும்போது கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால், விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் திறக்கும். ராம் எனப்படும் நினைவகம் எப்போதும் நிறைந்தே காணப்பட்டால் குறை அதில் உள்ளது. இடம் போதாதபோது கம்ப்யூட்டர் மிகுதியை ஹார்ட் டிஸ்கில் வைத்து வைத்து எடுக்கிறது. தாமதம் அதனால் விளைகிறது. நினைவகத்தில் இடமிருந்தும் பிராசஸர் நெடுநேரம் 100 சதவீதத்தை ஒட்டி நிற்குமாயின், குறை பிராசஸரைச் சார்ந்தது.

நினைவகம் முதலில்

2011-இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ3-2100 பிராசஸரும், எச்61 வகை மதர்போர்டும், 2 ஜிகாபைட் நினைவகமும் கொண்ட கம்ப்யூட்டரை உதாரணமாகக் கொள்வோம். இதற்கு ஏற்றது டிடிஆர்3 நினைவகம். டிடிஆர்4 அட்டையின் வெட்டு வேறிடத்தில் உள்ளதால் பொருந்தாது. மடிக்கணினியின் அட்டையும் பொருந்தாது. ஒரே வேகமுள்ள 4 ஜிகாபைட் அட்டைகள் இரண்டை இரு துளைகளிலும் பொருத்துவது நலம்; இரு வழியாகவும் தரவு செல்லும். விண்டோஸ் 32 பிட் வகையாயின் 4 ஜிகாபைட்டுக்கு மேல் அதற்குப் பயன்படாது. 64 பிட் வகை வேண்டும்.

பிராசஸர் அடுத்து

பிராசஸர் அமரும் ஸாக்கெட்டின் பெயர் எல்ஜிஏ 1155. ஐ3-2100-இல் உள்ள கோர்கள் 2. அதே ஸாக்கெட்டில் அமரும் ஐ5-2400, ஐ5-3470 இரண்டிலும் கோர்கள் 4. இவை இன்று பழைய சாமான் கடைகளில்தான் கிடைக்கும். சோதித்துக் காட்டச் சொல்லி வாங்குக. 2013-இல் வந்த 4-ஆம் தலைமுறைப் பிராசஸருக்கு ஸாக்கெட்டே வேறு. ஐ5-3470 போன்ற 3-ஆம் தலைமுறைப் பிராசஸருக்குச் சில மதர்போர்டுகளில் பயாஸைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். பழைய பிராசஸர் இருக்கும்போதே அதைச் செய்தல் வேண்டும். நடுவில் மின்சாரம் நின்றால் மதர்போர்டே பழுதாகலாம். ஸாக்கெட்டிலுள்ள மெல்லிய ஊசிகளில் விரல் படலாகாது. பழைய வெப்பப் பசையைத் துடைத்துவிட்டுப் புதிது தடவுக. வேலை தொடங்குமுன் கணக்குகளை வேறிடத்தில் நகலெடுத்து வைத்தல் இன்றியமையாதது.

எல்லை எது?

இவ்வளவும் செய்தாலும் ஒரு தடை நீங்காது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாப்ட் ஏற்றுள்ள பட்டியலில் 2-ஆம், 3-ஆம் தலைமுறைப் பிராசஸர்கள் இல்லை. லினக்ஸ் விலையின்றிக் கிடைக்கிறது. சங்கத்தின் கணக்கு மென்பொருள் அதில் இயங்குமா என்பதை முன்னரே விசாரித்தறிக. இயங்காதெனில், அங்கத்தினரின் கணக்குகளைக் காக்கும் பொறுப்பை முன்னிட்டு, பழைய கம்ப்யூட்டருக்குச் செலவு செய்யாதிருப்பதே உசிதம். இயங்குமெனில் நினைவகத்தை வாங்குக. சில நாள் வேலை செய்து பார்த்தபின், தேவையிருந்தால் மட்டுமே பிராசஸருக்குப் பணம் ஒதுக்குக. இரண்டின் விலையும் சேர்ந்து, 8-ஆம் தலைமுறைப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றின் விலையை நெருங்குமாயின் அதனையே வாங்குதல் சிக்கனமாகும். குறைந்த விலையில் வாங்குவது மட்டும் சிக்கனமன்று. வேண்டியதை மட்டும் வாங்குவதே சிக்கனம்.