பழைய வளைமுனை வில்லின் தகுதி

வில்லின் தகுதியை அதன் மெருகைக் கொண்டு துணிதல் தவறு. 1950ஆம், 1960ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிற் செய்யப்பெற்ற வளைமுனை விற்களுட் பல, மரத்தகடுகளின் இருபுறமும் கண்ணாடிநார்த் தகடுகளைப் பசையால் ஒட்டி அமைக்கப்பெற்றவை. ஆதலின் அவற்றின் உயிர் ஒட்டிலேயே உளது.

நாணேற்றுமுன் வில்லின் கைகளைப் பஞ்சினாற் றடவுக. நுண்பிளவு பஞ்சிழையைப் பற்றிக் காட்டும். ஒட்டு விடுபட்டிருப்பினும், குறுக்கே வெடிப்பிருப்பினும் அவ்வில் எய்தற்காகாது. நாண் நுனிகளின் நடுவே அமையாது ஒருபுறஞ் சாயின், கை முறுகியுளது என்க. பொலியெசுத்தர் நாணே ஏற்றது. நீட்சி குறைந்த புதுவகை நாண் நுனியைச் சிதைக்கக்கூடும்.

பின்னர்ச் சிறிது சிறிதாக இழுத்துப் பார்க்க. முறியும் ஒலி கேட்பின் நிறுத்துக. அம்பின்றி நாணை விடற்க: அம்பு கொள்ளவேண்டிய ஆற்றல் வில்லையே தாக்கும். முறியும் வில்லின் சிம்பு கண்ணையும் பறிக்கும். ஐயத்திற்குரிய வில், சுவருக்கே அணியாகுக.