அப்பா ஒரு ஜாதி, அம்மா ஒரு ஜாதி: பாரத்தில் எதை எழுதுவது?

பி.ஏ., பி.எஸ்சி. முடித்த பிள்ளைகள் எம்.ஏ., எம்.எஸ்சி. படிப்புக்கு மனுப் போடும் காலம் வந்தால், மும்பையில் பல தமிழ் வீடுகளில் ஒரு வாக்குவாதம் கிளம்புகிறது. பெயர், பிறந்த தேதி, மார்க்கு எல்லாம் எழுதியாயிற்று. ஜாதி என்ற கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிடுகிறது.

காரணம், கலப்புத் திருமணம். பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் இங்கேயே வேலை தேடிக்கொண்டு, இங்கேயே மனதுக்குப் பிடித்தவரை மணந்துகொண்டார்கள். அப்பா நெல்லைச் சீமை. அம்மா மராத்திப் பெண். வீட்டில் இரண்டு மொழி, இரண்டு ஜாதி. பாரத்திலோ ஒரே ஒரு கட்டம்!

ரேஷன் கடை வழக்கு

பிள்ளைக்குத் தந்தையின் ஜாதி என்பதே பொதுவான வழக்கம். ஆனால் அது மாற்ற முடியாத விதி அல்ல.

குஜராத்தில் ஒருவருக்குத் தந்தை க்ஷத்திரியர், தாய் பழங்குடி. பழங்குடியினருக்கு ஒதுக்கிய ரேஷன் கடை அவருக்குக் கிடைத்தது. தந்தை பழங்குடி அல்லவே என்று சொல்லி அவருடைய சான்றிதழை ரத்து செய்தார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று.

2012 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. தந்தையின் ஜாதியை மட்டும் பார்த்து முடிவு கட்டக்கூடாது. பிள்ளை தாயின் சமூகத்தில் வளர்ந்ததா, அவர்கள் பட்ட இழிவையும் கஷ்டத்தையும் பட்டதா, ஊரார் எப்படி நடத்தினார்கள் என்று விசாரிக்க வேண்டும் என்று கோர்ட்டு கூறியது. இதை நிரூபிக்கும் பொறுப்பு பிள்ளையுடையது.

தமிழ்நாட்டில் இதற்கு 1975-லேயே அரசாணை உண்டு. எந்த வழியில் பிள்ளையை வளர்க்கிறோம் என்று பெற்றோர் உறுதி கூறினால், அந்த ஜாதியை ஏற்பார்கள். ஒரு பிள்ளைக்குச் சொன்னதே எல்லாப் பிள்ளைகளுக்கும். மூத்தவனுக்கு ஒன்று, இளையவளுக்கு ஒன்று என்று சொல்ல முடியாது.

மணமான பெண்கள் மேற்படிப்புக்கு மனுப் போடும்போதும் கவனம் தேவை. முற்பட்ட வகுப்பில் பிறந்த பெண், கணவரின் ஜாதியைக் காட்டிச் சலுகை கேட்க முடியாது என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

எல்லை தாண்டினால்?

வெளிமாநிலத் தமிழருக்கு இன்னொரு சிக்கல். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஆந்திராவில் பிறந்து, தந்தையின் உத்தியோகத்தால் மும்பை வந்த பழங்குடி மாணவர் ஒருவர் இங்குள்ள மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கீட்டு இடம் கேட்டார். சொந்த மாநிலத்துச் சலுகை இங்கு வராது என்று 1990-ல் தீர்ப்பாயிற்று.

ஆகவே, தமிழ்நாட்டிலிருந்து வந்த தந்தையின் சான்றிதழை வைத்து மகாராஷ்டிர அரசின் ஒதுக்கீட்டு இடத்தைப் பெற முடியாது. தாழ்த்தப்பட்டோரில், 1950 ஆகஸ்டு 10-க்கு முன்பே இங்கு குடியேறிய குடும்பங்களின் நிலை வேறு. ஆனால் ஐ.ஐ.டி. போன்ற மத்திய அரசு நிறுவனங்களில் தந்தையின் மாநிலப் பட்டியல் செல்லும். அங்கு தாழ்த்தப்பட்டோருக்கு 15 சதவீதமும், பழங்குடியினருக்கு 7.5 சதவீதமும் ஒதுக்கீடு. தந்தையின் அசல் சான்றிதழைக் காட்டி, குடியிருக்கும் மாநிலத்திலேயே பிள்ளைக்கு அதற்கான சான்றிதழ் வாங்கலாம்.

தாய் மகாராஷ்டிரப் பட்டியலில் உள்ள ஜாதி என்றால், தாய் வழியில் வளர்ந்ததை நிரூபித்து இங்கேயே கேட்கலாம். தாயின் சான்றிதழ், பள்ளிக்கூடப் பதிவுகள், அக்கம்பக்கத்தார் சாட்சி எல்லாம் உதவும். ஆனால் பள்ளிப் பதிவில் ஒன்றும் கல்லூரி பாரத்தில் வேறொன்றும் இருந்தால், சரிபார்ப்புக் கமிட்டி துருவித் துருவிக் கேட்கும்.

விளையாட்டல்ல!

"எது லாபமோ அதை எழுது; சர்டிபிகேட் நான் வாங்கித் தருகிறேன்" என்று தரகர்கள் ஆசை காட்டுவார்கள். நம்பினால் ஆபத்து. பொய்ச் சான்றிதழால் பெற்ற படிப்பும் வேலையும் எத்தனை வருஷம் கழித்தானாலும் பறிபோகும் என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்குகள் மகாராஷ்டிரத்திலிருந்து போனவையே.

தாயின் ஜாதியை எழுதினால் தந்தைக்கு அவமானம் என்று சிலர் முகம் சுளிப்பதும் உண்டு. கோர்ட்டு கேட்பது யார் ஜாதி உசத்தி என்பதை அல்ல. பிள்ளை எப்படி வளர்ந்தது என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு வீட்டில் உள்ளவர்களுக்குப் பதில் தெரியும். கடைசி தேதிக்கு முந்திய நாள் அலையாமல், பிள்ளை பத்தாவது படிக்கும்போதே கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசி, காகிதங்களைச் சேர்த்து வைப்பது நல்லது.