வயலில் வந்திறங்கும் பறவைகள்

வயலிற் பறவையைக் கண்டவுடன் கல்லெறிந்து துரத்துதல் கமக்காரர் பலரது வழக்கம். ஆயின், வயலுக்கு வரும் பறவைகள் யாவும் நெல்லைத் தின்பவையல்ல.

உழவின்போது எருதுகளையோ உழவு இயந்திரத்தையோ பின்தொடரும் கொக்குகள், புரளும் மண்ணினின்று வெளிப்படும் பூச்சி புழுக்களைப் பொறுக்கித் தின்கின்றன. கரிக்குருவி உயரத்தில் அமர்ந்திருந்து, அந்துப்பூச்சிகளையும் வெட்டுக்கிளிகளையும் பாய்ந்து பிடிக்கின்றது. நெல்மணியை அது உண்பதில்லை. கதிரைக் கொத்தும் தூக்கணாங்குருவியுங்கூடத் தன் குஞ்சுகளுக்குப் பூச்சிகளை ஊட்டுகின்றது.

ஆகவே, பயிர் இளமையாயிருக்கும்போது ஏக்கருக்கு 15 முதல் 20 வரையான தடிகளை, பயிரினும் ஓரடி உயர்ந்து நிற்குமாறு நாட்டி, ஒவ்வொன்றின் நுனியிலும் குறுக்குத் தடியொன்றைக் கட்டிவிடுதல் வேண்டும். கரிக்குருவிகள் அவற்றில் அமர்ந்து இரை தேடும்.

கதிர் பால் பிடிக்குமுன் இத்தடிகளைத் தவறாது அகற்றிவிடல் வேண்டும். அன்றேல், நெல்லைத் தின்னும் குருவிகளுக்கும் கிளிகளுக்கும் அவையே இருக்கையாகிவிடும். அப்பருவத்தில், பறவைகள் மிகுதியாக மேயும் காலையிலும் மாலையிலும் காவல் இருத்தல் நன்று.

ஓரிரு பூச்சிகளைக் கண்டவுடன் நஞ்சு தெளித்தல் தகாது. நஞ்சுண்ட பூச்சியைத் தின்னும் பறவையும் இறக்க நேரிடும். அதன்பின் பெருகும் பூச்சிகளைப் பிடிப்பதற்கு வயலிற் பறவை இராது. மீண்டும் மருந்துக்கே பணம் செலவாகும்.

கல்லைக் கையில் எடுக்குமுன், வந்திருக்கும் பறவை எதுவென்று நோக்குதல் கமக்காரருக்கு நன்மை பயக்கும்.