பில்லா: மாறியது என்ன? மறைந்தது யார்?



நம்ம ஊர்ப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும். கடைசியில் துரியோதனன் விழுவான் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறோம். ஏன்? கதை பழசு, சொல்கிற விதம் புதுசு. கட்டியங்காரன் போன வருஷம் சொல்லாத நையாண்டியை இந்த வருஷம் சொல்வார். ஆனால் திரௌபதி சபதத்தை யாரும் மாற்ற மாட்டார்கள். அதை மாற்றினால் அது பாரதமே இல்லை.

சினிமாவில் இப்படிப் பழைய கதையை மறுபடி எடுப்பதற்கு 'ரீமேக்' என்று பெயர். அதற்கு நல்ல உதாரணம் 'பில்லா'.

1978-ல் அமிதாப் பச்சன் நடித்து இந்தியில் 'டான்' வந்தது. கதை எழுதியவர்கள் சலீம் - ஜாவேத். அதையே 1980-ல் ரஜினிகாந்த் நடிக்க 'பில்லா' என்று தமிழில் எடுத்தார்கள். 2007-ல் விஷ்ணுவர்தன் இயக்கத்தில் அஜித் நடித்து மறுபடியும் வந்தது.

கதை இதுதான். பில்லா பெரிய கடத்தல்காரன். அவன் செத்துப் போகிறான். விஷயம் போலீஸ் அதிகாரி ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். பில்லா மாதிரியே முகம் உள்ள ஓர் ஏழையைக் கூட்டத்துக்குள் அனுப்புகிறார். பிறகு அந்த அதிகாரியும் இறந்துவிடுகிறார். 'நான் பில்லா இல்லை' என்று அந்த ஏழை கத்தினாலும் சாட்சி சொல்ல ஆள் இல்லை!

2007-ல் மாறியவை:

1. இடம்: கதை மலேசியாவில் நடக்கிறது. எங்கே பார்த்தாலும் உயரமான கண்ணாடிக் கட்டடம்.

2. உடை, நிறம்: கறுப்புக் கோட்டு, கறுப்புக் கண்ணாடி. நீரவ் ஷா ஒளிப்பதிவில் படம் முழுக்க ஒரு குளிர்ந்த நிறம் இருக்கும்.

3. ரகசியம்: பழைய படத்தில் டைரி. புதியதில் பென் டிரைவ். காலம் மாறினால் ரகசியம் வைக்கிற பொருளும் மாறத்தானே வேண்டும்?

4. பாட்டு: எம்.எஸ். விஸ்வநாதன் போட்ட இரண்டு பாட்டை யுவன் சங்கர் ராஜா புதுத் தாளத்தில் கொடுத்தார்.

மாறாதது அந்த ஏழையின் நிலைமை. அதுதான் இந்தக் கதைக்குத் திரௌபதி சபதம் மாதிரி. 2006-ல் ஷாருக் கான் நடித்து இந்தியில் 'டான்' மறுபடி வந்தபோது முடிவையே மாற்றிவிட்டார்கள். நாம் நல்லவன் என்று நம்பியவன்தான் டான் என்று முடியும். திடுக்கென்று இருக்கும். ஆனால் அது வேறு கதை ஆகிவிட்டது என்பது என் கருத்து. தமிழில் அப்படிச் செய்யவில்லை.

ஆனாலும் எனக்கு ஒரு குறை. 1980 படத்தில் அந்த ஏழையின் பெயர் ராஜப்பா. தெருவில் ஆடிப்பாடிப் பிழைப்பவர். பிள்ளைகளை வளர்ப்பவர். 2007-ல் அவர் வேலு ஆனார். கொஞ்ச நேரம்தான் வேலுவாக இருக்கிறார், உடனே கோட்டுப் போட்டுவிடுகிறார். 2012-ல் வந்த 'பில்லா 2' கதையில் ராஜப்பாவும் இல்லை, வேலுவும் இல்லை. பில்லா மட்டும்தான்!

இதற்கு நேர் எதிராக ஒன்று சொல்கிறேன். 2002-ல் 'மாஃபியா' என்று ஒரு கம்ப்யூட்டர் கேம் வந்தது. செய்தவர்கள் செக் நாட்டுக்காரர்கள். 1930-களில் அமெரிக்காவில் டாமி என்கிற டாக்சி டிரைவர் ரவுடிக் கூட்டத்தில் மாட்டிக்கொள்கிற கதை. அதை 2020-ல் புதிதாகச் செய்தபோது ஊர், கார், முகம் எல்லாம் நிஜம் மாதிரி ஆக்கினார்கள். அத்தோடு விடவில்லை. முதலில் கொஞ்சமாக வந்த டாமியின் மனைவி சாராவுக்கு நிறையப் பேச்சு கொடுத்தார்கள். வெளியில் சுடுவதை மட்டும் பார்த்தவர்கள், வீட்டில் பயந்து காத்திருப்பவரையும் பார்த்தார்கள். அங்கே நல்லவர் பங்கு வளர்ந்தது. இங்கே குறைந்துவிட்டது.

ஆண்டு விழா வந்தால் கறுப்புக் கண்ணாடி போட்டு பில்லா மாதிரி நடக்க நம்ம பசங்க பத்துப் பேர் வர்றாங்க. ராஜப்பாவாக நடிக்க ஒருத்தர்கூட வர்றதில்லை. ஆனால் கதையில் ஜெயிப்பது யார்? பில்லா பாதியிலேயே செத்துடுவான். கடைசி வரை நின்று தன்னை நிரூபிப்பவர் ராஜப்பாதான்.

அதனால் அடுத்த தடவை ரீமேக் படம் பார்க்கும்போது சட்டை, கண்ணாடி, கார் என்ன மாறியது என்று பாருங்கள். கூடவே, பழைய கதையில் இருந்த யார் இப்போது காணோம் என்றும் தேடுங்கள்.

இந்த ஆண்டு விழாவில் ராஜப்பா வேஷம் போட யார் வர்றீங்க?



ஒன்பதாம் வகுப்பு மாணவி