வாய்மொழி வரலாறும் கொடையும்

யாழ்ப்பாணத்து மக்கள் கொடைக்குப் பின்னிற்பவரல்லர். உலையில் அரிசியிடுமுன் ஒரு பிடியை வேறாக எடுத்துவைக்கும் பிடியரிசி வழக்கம் சைவப் பாடசாலைகளைத் தாங்கிற்று. 1933ஆம் ஆண்டிலே க. மு. செல்லப்பா அவர்கள் தம் இல்லத்திற் றொடக்கிய வாசிகசாலையும் பலர் கொடையால் வளர்ந்து, 1959இல் பொது நூலக மாளிகையாகத் திறக்கப்பட்டது. 1981 மே 31ஆந் திகதி இரவு மூட்டப்பெற்ற தீயில் அங்கிருந்த ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன.

ஏட்டிலும் நூலிலும் ஏறாத செய்தியோ முதியோர் நினைவிலேயே தங்கியுள்ளது. துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீரிறைத்தவர், வல்வெட்டித்துறையிலே பாய்க்கப்பல் கட்டிய தச்சரின் வழிவந்தோர், கூத்துப் பழக்கிய அண்ணாவிமார் ஆகியோர் மறையுந்தோறும் அவர் அறிந்தவையும் மறைகின்றன. அவற்றை முறையாகக் கேட்டுப் பதிவுசெய்தலே வாய்மொழி வரலாறு.

1948இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அலன் நெவின்ஸ் என்னும் வரலாற்றாசிரியர் இப்பணியைத் தொடக்கியபோது அதற்குப் பொருள் உதவியது, பிரெடெரிக் பான்குரொப்ற் என்பார் விட்டுச்சென்ற நன்கொடையே. ஆயினும் ஒலிநாடா விலைமிக்கதாயிருந்தமையின், பேச்சைத் தட்டெழுத்திற் பெயர்த்தபின் நாடாவை அழித்து மீண்டும் பயன்படுத்தினர். சொல் எஞ்சியது, குரல் போயிற்று. சிக்கனம் எங்கே செய்யலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஈழத்துத் தமிழரிடையே 2005இல் தன்னார்வலர் தொடக்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், உள்ளூரார், புலம்பெயர்ந்தோர் ஆகியோரின் நன்கொடையால் வளர்ந்து, நூல், பத்திரிகை, சுவடி என்பவற்றோடு வாய்மொழி வரலாறுகளையும் சேர்த்து வருகின்றது. இதன் செலவு யாதென நினைப்போர் ஒளிப்படக் கருவியையே நினைப்பர். கருவியோ ஒருமுறைச் செலவு. ஒரு மணிநேரப் பேச்சைப் பிழையற எழுதுதற்கு ஒரு நாள் முழுதும் செல்லும். வடமராட்சி மீனவர் வழங்கும் கடற்சொல்லையும் தீவகத்தார் பேச்சையும் அறிந்தவரே அதனை எழுதவல்லர். அதன்பின் பேசினவர் இசைவைப் பெறல், பொருளட்டவணை அமைத்தல், வேறுவேறிடங்களிற் படிவைத்தல், காலந்தோறும் புதிய ஊடகத்துக்கு மாற்றல் என வேலை முடிவின்றி நீளும். மண்டபத்துக்குக் கல்லிற் பெயர் பொறிக்கலாம். எழுத்தாளரின் மாதச் சம்பளத்தில் எங்கே பொறிப்பது? இதனாற்போலும் இவ்வகைச் செலவுக்குக் கொடுப்போர் அரியர்.

கொடுப்போர் உணரவேண்டிய இன்னுமொன்றுண்டு. யாருடைய குரலைப் பதிவது என்பதைப் பணந் தந்தவர் தீர்மானிப்பாராயின், பெயர்பெற்ற குடும்பத்தாரும் உயர்பதவியாளருமே வரலாற்றில் இடம்பெறுவர். சீவற்றொழிலாளர், சுருட்டுக் கொட்டிற் றொழிலாளர், புகையிலைத் தோட்டத்தில் உழைத்த பெண்கள் ஆகியோர் முன்போலவே விடுபடுவர். இவர்கள் தம் வாழ்க்கையைத் தாமே எழுதிவைக்க வாய்ப்புப் பெற்றவரல்லர். இக்கலை முதன்மையாக வேண்டப்படுவதும் இவர்கள்பொருட்டே. ஆதலின் நிபந்தனையின்றி, சிறிதாயினும் மாதந்தோறும் தரப்படும் தொகையே இப்பணிக்கு மிக உதவுவது. அவ்வாறு வரும் என்று நம்பத்தக்க தொகை இருப்பின், எழுத்தாளர் ஒருவரை ஆண்டு முழுதும் அமர்த்தி, எண்பது கடந்தோரை முதலிற் சென்று காணலாம்.