மஞ்சள் இறங்கினாலும் வைரஸ் இருக்கலாம்

காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடிப்பது நம் பக்கத்து வழக்கம். சில வாரங்களில் கண்ணில் மஞ்சள் இறங்கிவிடும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. தண்ணீரால் பரவும் ஏ, இ வகைக் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கக்கூடியது. நல்ல பெயர் மட்டும் கீழாநெல்லிக்குப் போய்விடுகிறது.

கல்லீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் வேறு ரகம். ரத்தம், உடலுறவு, ஊசி, பிரசவம் வழியாக வரும் இவை பல ஆண்டுகள் கண்ணில் துளி மஞ்சளும் காட்டாமல் தங்கிவிடும். குடிப்பழக்கமே இல்லாதவருக்குக் கல்லீரலில் கட்டி என்று ஸ்கேன் சொல்லும்போதுதான் இவற்றின் பெயரே வீட்டுக்குள் வருகிறது.

பி வைரஸ் பெரியவர்களைத் தொற்றினால் 100-ல் 95 பேருக்கு மேல் உடம்பே அதை விரட்டிவிடும். பிறந்த குழந்தையைத் தொற்றினாலோ 10-ல் 9 பேரிடம் நிரந்தரமாகத் தங்கும். அது தன் மரபணுவைக் கல்லீரல் செல்லின் மரபணுவிலேயே செருகிவிடுவதால், கல்லீரல் சுருங்காமலேயே புற்றுநோய் வரலாம்.

1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழு, பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் சேர்ந்து, கீழாநெல்லியால் இந்த வைரஸ் விலகுகிறது என்று ‘லான்செட்’ இதழில் எழுதியது. பின்னர் நடந்த பல ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

அந்த ஒரு வரி

கர்ப்பகாலத்திலோ அறுவை சிகிச்சைக்கு முன்போ எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ‘ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. – ரியாக்டிவ்’ என்று ஒரு வரி இருக்கும். உடம்புக்கு ஒன்றும் செய்யாததால் சீட்டு மடிந்து பீரோவுக்குள் போய்விடும். உண்மையில் பி வைரஸ் உடம்பில் இருக்கிறது என்பதற்கு அதுதான் முதல் எச்சரிக்கை. வைரஸின் அளவு, கல்லீரல் நிலை, ஸ்கேன் மூன்றையும் பார்க்க வேண்டும். ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் அவசியம். வீட்டில் எல்லோரும் பரிசோதனை செய்துகொண்டு, தொற்றும் எதிர்ப்பும் இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த வரி ‘நெகட்டிவ்’ என்று வந்தும் வைரஸ் செல்லுக்குள் பதுங்கியிருப்பது உண்டு. கீமோதெரபி தொடங்குபவர்கள் ‘ஆன்டி-ஹெச்.பி.சி.’ பரிசோதனையையும் கேளுங்கள். சிகிச்சையின்போது பதுங்கிய வைரஸ் விழித்துக்கொள்ளலாம்.

கேட்டுப் பெற வேண்டியவை

* 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சி வகை பெரும்பாலும் 12 வார மாத்திரையில் 95 சதவீதத்துக்கு மேல் குணமாகும். பி வகையைத் தினசரி மாத்திரை கட்டுக்குள் வைக்கும். அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள்; வழி தெரியாவிட்டால் 104-ஐ அழையுங்கள்.
* குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் பி தடுப்பூசி. தாய்க்குத் தொற்று இருந்தால் இம்யூனோகுளோபுலின் ஊசியும் கேளுங்கள்.
* ஊசியை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். 2009-ல் குஜராத்தின் மொடாசாவில் மறுபடி பயன்படுத்திய ஊசிகள் பல உயிர்களைப் பறித்தன.
* உள்நோயாளியாக இருந்தவர் தன் மருத்துவப் பதிவேட்டைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். கட்டணம் செலுத்திப் பெற்ற சிகிச்சையில் அலட்சியம் நடந்திருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.

ஒரே பந்தியில் சாப்பிட்டால் பி, சி ஒட்டாது. தட்டைத் தனியாக வைக்க வேண்டாம். பீரோவில் கிடக்கும் அந்தச் சீட்டை எடுத்துப் பாருங்கள்.