அரசு இல்லாத நாட்டில் மனித உரிமை

2012 பிப்ரவரி 15 அன்று நீண்டகரையிலிருந்து மீன்பிடிக்கச் சென்ற 'செயின்ட் ஆன்டணி' என்ற படகின் மீது, 'என்ரிகா லெக்ஸி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலிலிருந்து துப்பாக்கிச் சூடு நடந்ததை வாசக அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மீனவர் இருவர் உயிரிழந்தனர். ஒருவர் கொல்லத்துக்காரர், மற்றவர் கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளை. கடற்கொள்ளையர் என்று எண்ணிச் சுட்டுவிட்டதாகக் கப்பலில் காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படையினர் கூறினர். பத்து கோடி ரூபாய் இழப்பீட்டின் பேரில் 2021 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை முடித்து வைத்தது.

அப்போது நான் பணியில் இருந்தேன். என் பிரிவில் வேலை பார்த்த, குளச்சல் பக்கத்துக்காரரான டிராக்மேன் ஒருவர் என்னிடம் கேட்டார்: "நம்ம கடலுக்குக் கொள்ளைக்காரன் எங்க இருந்து சார் வந்தான்?" அன்று எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு தேடிப் படித்ததில் கிடைத்த விடையையே இங்கு எழுதுகிறேன்.

அந்த விடை சோமாலியாவில் தொடங்குகிறது. 1969 முதல் அந்நாட்டை ஆண்ட சியாத் பாரே 1991 ஜனவரியில் விரட்டப்பட்டார். கொடுங்கோல் ஆட்சி போனது நல்லதுதான். ஆனால் அதன் இடத்தில் வேறு ஆட்சி வரவில்லை. குலத்துக்கு ஒரு படை, தெருவுக்கு ஒரு தலைவன் என்று நாடு சிதறியது. போலீஸ், நீதிமன்றம், பள்ளி, துறைமுகம் எதற்கும் பொறுப்பாளர் இல்லை. போரும் வறட்சியும் சேர்ந்து 1992-ல் பெரும் பஞ்சம் வந்தது. ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. வெளிநாடுகள் அனுப்பிய உணவு துறைமுகத்திலும் வழியிலும் கொள்ளை போனது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மனித உரிமை என்றால் அரசின் கையிலிருந்து குடிமகனைக் காப்பது என்றே நாம் நினைக்கிறோம். நம் ஊரில் ஒருவரைப் போலீஸ் அநியாயமாகப் பிடித்தால் நீதிமன்றத்துக்குப் போகலாம், மனு கொடுக்கலாம், செயலகத்தின் முன் தர்ணா இருக்கலாம். அரசே இல்லாத நாட்டில் மனுவை யாரிடம் கொடுப்பது? உரிமை காகிதத்தில் இருக்கும். அதைத் தரக் கடமைப்பட்டவர் இருக்கமாட்டார். எல்லா வளமும் அமைந்தாலும் வேந்தன் சரியாக அமையாத நாட்டுக்குப் பயனில்லை என்று வள்ளுவர் 'நாடு' அதிகாரத்தின் கடைசிக் குறளில் சொல்லி வைத்ததன் பொருள் சோமாலியாவைப் படித்தபோதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

உலகம் சும்மா இருக்கவில்லை. 1992 டிசம்பரில் பாதுகாப்புச் சபையின் அனுமதியோடு அமெரிக்கா தலைமையிலான படை இறங்கியது. உணவு வண்டிகள் ஓடின. பல்லாயிரம் உயிர்கள் பிழைத்தன. 1993 மார்ச்சில் ஐ.நா. தன் அமைதிப் படைக்குப் போலீசையும் நீதிமன்றங்களையும் மீண்டும் அமைக்க உதவும் பொறுப்பையும் தந்தது. அதே ஆண்டு ஐ.நா. மனித உரிமை ஆணையம், சோமாலியாவுக்கென ஒரு தனி வல்லுநரை நியமிக்கத் தீர்மானித்தது. குற்றம் கண்டுபிடிப்பது மட்டும் அவர் வேலை அல்ல. சட்டத்தின் ஆட்சியை மறுபடி நிறுவ யோசனை சொல்லவும் வேண்டும். அந்தப் பொறுப்பு முப்பது ஆண்டுகளைத் தாண்டி நீடித்தது.

நம் நாடும் ஒரு பிரிகேடை அனுப்பியது. பைதோவா என்ற ஊரை மையமாகக் கொண்டு நம் வீரர்கள் காவல் காத்ததோடு கிணறு தோண்டினார்கள், மருத்துவம் பார்த்தார்கள், கால்நடைகளுக்கும் சிகிச்சை தந்தார்கள். 1994 ஆகஸ்டில் பதுங்கித் தாக்கியவர்களால் நம் வீரர் ஏழு பேரும், அடுத்த சில நாட்களில் மருத்துவர் மூவரும் கொல்லப்பட்டனர். இதை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

ஆனால் ஐ.நா. படையே ஒரு குலத் தலைவரோடு மோதியபோது காரியம் கெட்டது. 1993 ஜூனில் பாகிஸ்தான் வீரர்கள் 24 பேரும், அக்டோபரில் மொகதிஷுவில் அமெரிக்க வீரர்கள் 18 பேரும் பலியாயினர். சோமாலியர் நூற்றுக்கணக்கில் மாண்டனர். நடுவராக வந்தவர் கட்சிக்காரராகிவிட்டார். 1995 மார்ச்சில் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்.

என் தொழிலில் இருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். வண்டி தடம் புரண்டால் விபத்து நிவாரண ரயில் கிரேனோடு வரும். பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகுதான் எங்கள் வேலை ஆரம்பம். கேங்மேன்கள் நாள்கணக்கில் ஜல்லி இறுக்கி, மட்டம் பார்த்து, மணிக்கு இருபது, முப்பது கிலோமீட்டர் என்று வேகக் கட்டுப்பாட்டில் வண்டிகளை விட்டு, மெல்ல மெல்லத் தடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவார்கள். கிரேன் இல்லாமல் முடியாது. கிரேன் மட்டும் போதாது. சோமாலியாவுக்குக் கிரேன் வந்தது. கேங் வரவில்லை.

அதே தேசத்தின் வடமேற்கில் வேறு ஒன்று நடந்தது. சோமாலிலாந்து என்று தனியே பிரிந்த அப்பகுதியில், 1993-ல் போராமா என்ற ஊரில் குலப் பெரியவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசி, ஆயுதங்களை அடக்கி, ஆட்சிமுறை ஒன்றை வகுத்தார்கள். ஐ.நா. உறுப்பினராக ஏற்கப்படாத அந்தப் பகுதி தெற்கைவிட அமைதியாக இருந்தது. அந்தந்த ஊர் மனிதர்களே கேங்மேன்களாக நின்றதுதான் காரணம்.

தெற்கில் 2000 வரை பெயரளவுக்குக்கூட அரசு இல்லை. காவல் இல்லாத நீண்ட கடற்கரையில் அயல்நாட்டுக் கப்பல்கள் மீனை வாரிச் சென்றன. வேலை இழந்த இளைஞர்களைத் துப்பாக்கிக்காரர்கள் கூட்டிக்கொண்டார்கள், கடற்கொள்ளை தொழிலாயிற்று. கப்பல் நிறுவனங்கள் வரைந்த ஆபத்து எல்லை 2010-ல் நம் மேற்குக் கரைக்கே வந்தது. எண்ணெய்க் கப்பலில் துப்பாக்கி ஏறியது அதனால்தான்.

2012 ஆகஸ்டில் சோமாலியாவுக்குத் தற்காலிக அரசியல் சட்டமும் அதன்பின் கூட்டாட்சி அரசும் வந்தன. ஆப்பிரிக்க ஒன்றியப் படைகள் 2007 முதல் பெயர் மாறி மாறி அங்கே துணை நிற்கின்றன. இன்னும் வேகக் கட்டுப்பாடு நீங்கவில்லை.

எங்கோ ஒரு நாட்டில் அரசு இல்லாவிட்டால் நமக்கென்ன என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்கு விடை, கன்னியாகுமரிக் கடற்கரையில் மகனைப் பறிகொடுத்த ஒரு வீட்டில் இருக்கிறது. உலக நாடுகள் உதவத்தான் வேண்டும். சோறு கொடுத்துவிட்டுத் திரும்பிவிடாமல், அவ்வூர் மக்களே தங்கள் போலீசையும் நீதிமன்றத்தையும் நிமிர்த்தும் வரை பொறுமையோடு உடனிருக்க வேண்டும். அந்த டிராக்மேன் நண்பரை மீண்டும் சந்தித்தால், அன்று சொல்ல முடியாத பதிலை இப்போது சொல்வேன்.